94 மாடி, 1,632 படி: நுரையீரல் நலனுக்கான படியேற்றத்தில் கலந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

சிகாகோவில் குளிர்காலத்தின் கடைசிப் பகுதியில் ‘ஹசில் சிகாகோ’ என்ற படியேற்றம் நடக்கிறது. நடத்துவது ரெஸ்பிரேட்டரி ஹெல்த் அசோசியேஷன். ஏறும் இடம் நம்மவர்கள் இன்னும் ‘ஹேன்காக்’ என்றே சொல்லும் 875 நார்த் மிஷிகன் அவென்யூ கட்டடம். தரைத்தளத்திலிருந்து 94ஆம் மாடி வரை 1,632 படிகள். திரட்டும் பணம் நுரையீரல் நோய் சார்ந்த பணிகளுக்குப் போகிறது.

நான் மூன்று முறை ஏறியிருக்கிறேன். தெரிந்தவர்கள் பதினொரு பேரை அழைத்துப் போயிருக்கிறேன். பெரும்பாலோர் தடுக்கியது இரண்டே இடங்களில்தான்: பணம் கேட்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள், முதல் பத்து மாடிகளைப் பாய்ந்து ஏறினார்கள். மற்ற நகரங்களில் அமெரிக்கன் லங் அசோசியேஷன் நடத்தும் ‘ஃபைட் ஃபார் ஏர் கிளைம்ப்’ ஏற்றங்களுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். கட்டடமும் படிக்கணக்கும்தான் மாறும்.

போட்டி நாளிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. மாடியை விட்டுவிட்டுப் படியை எண்ணுங்கள்

“94 மாடி” என்று கேட்டதும் ஒன்று பயப்படுகிறோம், அல்லது “தினமும் வீட்டில் ஏறி இறங்குகிறேனே” என்று அலட்சியப்படுகிறோம். இரண்டுக்கும் காரணம் மாடிக்கணக்கு. அந்தக் கட்டடத்தில் ஒரு மாடிக்குச் சராசரியாகப் பதினேழு படிகளுக்குச் சற்று மேல் வருகிறது. சிகாகோவின் புறநகர்களான நேப்பர்வில்லிலோ ஷாம்பர்க்கிலோ உள்ள இரண்டடுக்கு வீட்டில் பதினான்கு படி இருந்தால், 1,632 படி என்பது அதையே நூற்றுப் பதினேழு முறை ஏறுவதற்குச் சமம்.

உங்கள் வீட்டுப் படியை இன்றே எண்ணுங்கள். பிறகு பத்து நிமிடம், பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் ஏறி இறங்கி, எத்தனை படி ஏறினீர்கள் என்று எழுதிவையுங்கள். இனி எட்டு வாரமும் அந்த எண்ணோடுதான் உங்களை ஒப்பிடப்போகிறீர்கள், அடுத்த வீட்டுக்காரரோடு அல்ல.

முழு ஏற்றத்தோடு பாதி ஏற்றமும் உண்டு. பல ஆண்டுகளாக எந்த உடற்பயிற்சியும் இல்லாதவர் முதல் ஆண்டில் பாதியை எடுப்பதுதான் விவேகம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

2. பதிவுக்கு முன் மருத்துவர்

பதிவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. தெற்காசியர்களுக்கு இதயநோய் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. படியேற்றம் இதயத்தைச் சில நிமிடங்களிலேயே உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். சமதரையில் நடப்பதைப் போல மெல்ல மெல்லச் சுமை ஏற்றுவதில்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று ஒரு தப்பெண்ணம் உலவுகிறது. நோய் கட்டுக்குள் இருந்தால், மருத்துவர் சம்மதித்தால், தாராளமாக ஏறலாம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஏறுவதற்கு எத்தனை நிமிடம் முன்பு இன்ஹேலர் எடுக்க வேண்டும்? நடுவில் இழுப்பு வந்தால் எத்தனை முறை எடுக்கலாம்? எந்த அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும்? பதில்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலருக்கு ஏற்றத்துக்குச் சுமார் பதினைந்து நிமிடம் முன்பு எடுக்கச் சொல்வார்கள், ஆனால் உங்களுக்கு எது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இன்ஹேலரைப் பையில் வைத்துவிட்டுப் பையை மேலங்கியோடு கீழே ஒப்படைத்துவிடுவது நான் கண்ணால் கண்ட தவறு. அது கால்சட்டைப் பையில், ஜிப் போட்ட பையில் இருக்க வேண்டும்.

3. பதிவு செய்யும்போது படிக்க வேண்டிய நான்கு வரிகள்

பதிவுப் படிவத்தை எல்லோரும் பெயர், சட்டை அளவு, கடன் அட்டை என்று பாய்ந்து நிரப்பிவிடுகிறார்கள். நின்று படிக்க வேண்டியவை: குறைந்தபட்சம் எவ்வளவு நிதி திரட்ட வேண்டும், அதற்குக் கெடு எது, திரட்ட முடியாவிட்டால் மிச்சத்தை நீங்களே கட்ட வேண்டுமா, உங்கள் தொடக்க நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்.

பதிவுக் கட்டணம் வேறு, திரட்டும் நிதி வேறு. இது தெரியாமல் “கட்டணம்தான் கட்டிவிட்டேனே” என்று இருந்துவிட்டு, கடைசியில் தொகையைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு.

குழுவாகப் பதிவு செய்தால் தொடக்க நேரம் ஒன்றாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் குழுவாகப் பதிவதும் குழுவாக ஏறுவதும் ஒன்றல்ல. ஒருவர் மூச்சு இன்னொருவர் வேகத்துக்குக் கட்டுப்படாது. மேலே சந்திப்போம் என்று பேசிவைத்துவிட்டு அவரவர் போக்கில் ஏறுங்கள்.

4. பணம் கேட்பது: முதல் வாரமே

கால் தயாராவதற்கு ஆறேழு வாரம் போதும். பணம் அதைவிட மெதுவாக வரும். “கண்டிப்பாகத் தருகிறேன்” என்றவருக்கு மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருக்கும். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தால் கடன் வசூலிப்பதுபோல் ஆகிவிடும். எட்டு வாரத்தில் பரவலாகச் செய்தால் யாருக்கும் உறுத்தாது.

வரிசை இதுதான். உங்கள் நிதித் திரட்டல் பக்கத்தில் முதல் தொகையை நீங்களே போடுங்கள். பூஜ்யம் என்று இருக்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் போடத் தயங்குவார்கள். கோயில் தட்டில்கூடக் காலியாக இருந்தால் கை சற்றுத் தயங்கத்தானே செய்கிறது.

அடுத்து, ஏன் ஏறுகிறீர்கள் என்று நான்கைந்து வரி எழுதுங்கள். “நுரையீரல் நலன் முக்கியம்” என்று பொதுவாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் என் அம்மாவைப் பற்றி எழுதினேன். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாதவர். முப்பது ஆண்டு விறகடுப்புக்கு முன் ஊதுகுழலோடு குனிந்திருந்தவர். அறுபது வயதில் வாசல் கோலத்தைப் பாதியில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தார். மருத்துவர் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்றபோது “சிகரெட் குடிக்கிறவர்களுக்கு வருவதல்லவா” என்று நாங்கள்தான் கேட்டோம். அடுப்புப் புகையும் அதே வேலையைச் செய்யும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதைப் படித்த பலர் தங்கள் பாட்டியின் சமையலறையைப் பற்றி எனக்கு எழுதினார்கள். பணமும் அனுப்பினார்கள்.

பிறகு ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதுங்கள். இருநூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போட்டால், மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் தருவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். இருபது பேருக்குத் தனியாக எழுதியதில் கிடைத்தது, குழுவில் போட்டுக் கிடைத்ததைவிட எனக்கு எப்போதுமே அதிகம்.

தொகையைக் கணக்காகச் சொல்லுங்கள். “முடிந்ததைத் தாருங்கள்” என்பது பணிவாகத் தோன்றும், ஆனால் எவ்வளவு போடுவது என்ற சங்கடத்தை அவர் தலையில் ஏற்றிவிடும். “மாடிக்கு 10 சென்ட் என்றால் 9 டாலர் 40 சென்ட், 25 சென்ட் என்றால் 23 டாலர் 50 சென்ட், 50 சென்ட் என்றால் 47 டாலர்” என்று எழுதினால் அவர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்.

வேலை செய்யும் நிறுவனம் ‘மேட்சிங்’ தருகிறதா என்று கொடுப்பவர் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பல அமெரிக்க நிறுவனங்கள் ஊழியர் தரும் நன்கொடைக்கு இணையான தொகையைத் தாமும் சேர்த்துத் தருகின்றன. நம் ஆட்களில் பாதிப் பேர் அப்படிப்பட்ட நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள், ஆனால் படிவம் நிரப்புவதில்லை.

ஊரில் இருக்கும் உறவினர்களிடம் கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: அமெரிக்க அமைப்புக்குத் தரும் பணத்துக்கு இந்தியாவின் 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. பிறகு தெரிந்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

5. பயிற்சிக்கு எந்தப் படி?

வீட்டுப் படி முதல் இரண்டு வாரத்துக்குப் போதும். அதற்குமேல் திரும்பித் திரும்பி இறங்குவதிலேயே நேரம் போகிறது, முட்டியும் நோகிறது.

வெளியில் ஏற, சிகாகோ புறநகரான பேலோஸ் பார்க்கில் உள்ள ஸ்வாலோ கிளிஃப் நல்ல இடம். சுண்ணாம்புக்கல்லால் ஆன 125 படிகள். பதின்மூன்று சுற்று ஏறினால் கிட்டத்தட்ட போட்டிக் கட்டடத்தின் படிக்கணக்கு வந்துவிடும். பனி உறைந்த நாளில் போகாதீர்கள். கல்லில் வழுக்கினால் எட்டு வாரப் பயிற்சியும் ஒரு நொடியில் போய்விடும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் உள்ள படியேறும் இயந்திரம் மூச்சுக்கு நல்லது. ஆனால் அதில் திருப்பம் கிடையாது. உண்மையான படிக்கட்டில் சில படிகளுக்கு ஒருமுறை திரும்புகிறீர்கள், தலை சுற்றும். ஆகவே வாரம் ஒருநாளாவது திருப்பம் உள்ள படியில் ஏறுங்கள்.

அலுவலகத்தின் அவசரகாலப் படிக்கட்டு எல்லோருக்கும் தோன்றும் யோசனை. எனக்கும் தோன்றியது. ஜனவரி மாதம், மதிய உணவு வேளை, மேலங்கி மேசையில், அடையாள அட்டை அதன் பையில். பன்னிரண்டாம் மாடிக் கதவு பின்னால் ‘டக்’ என்று மூடிய பிறகுதான், படிக்கட்டுப் பக்கமிருந்து அதைத் திறக்க முடியாது என்று தெரிந்தது. மற்ற மாடிகளும் அப்படியே. கடைசியில் தெருவுக்குத் திறக்கும் கதவு வழியாக, அரைக்கைச் சட்டையோடு பனியில் வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி ஓடி முன்வாசலுக்குப் போனேன். காவலர் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. ஆகவே முதலில் காவலரிடம் அனுமதி கேளுங்கள், எந்தக் கதவு படிக்கட்டுப் பக்கமிருந்து திறக்கும் என்று கேளுங்கள், அட்டையையும் போனையும் உடம்போடு வைத்திருங்கள்.

6. எட்டு வாரம்

வாரம் மூன்று நாள் படி, இரண்டு நாள் வேக நடை, மிச்சம் ஓய்வு. அடுத்தடுத்த நாளில் படியேற வேண்டாம். தசை வலுப்பெறுவது ஏறும்போது அல்ல, ஓய்வில்தான்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 300 முதல் 400 படி. வேகம் பார்க்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது வாரம் 600 வரை. இதில் ஒருநாள் மட்டும் ஒரு நிமிடம் வேகமாகவும் இரண்டு நிமிடம் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஏறுங்கள். உச்ச மூச்சிலிருந்து நிற்காமலே மீள்வதை உடம்பு இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

ஐந்தாவது, ஆறாவது வாரம் 1,000 வரை. ஏழாவது வாரம் ஒரே ஒருநாள் 1,300 படி. ஸ்வாலோ கிளிஃபில் பத்துச் சுற்றுக்குச் சற்று மேல். முழு 1,632 படியைப் பயிற்சியில் ஏற வேண்டிய அவசியமில்லை. 1,300 ஏறியவர் மிச்சத்தையும் ஏறிவிடுவார். ஆனால் அதற்காக முட்டியைத் தேய்த்தவர் போட்டிக்கே வர மாட்டார்.

இறங்கும்போது கவனம் தேவை. பயிற்சியில் வரும் முட்டிவலிக்கும் மறுநாள் தொடைவலிக்கும் இறக்கமே பெரும்பாலும் காரணம். லிஃப்ட் இருந்தால் அதில் இறங்குங்கள். வெட்கப்படாதீர்கள், போட்டி நாளிலும் லிஃப்டில்தான் இறக்குவார்கள்.

சளி, காய்ச்சல் வந்தால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். விட்ட படிகளைச் சேர்த்து அடுத்த வாரம் ஏறிக் கணக்கைச் சரிக்கட்டுவது புதியவர்களின் பிடித்தமான தவறு.

7. கால், கை, மூச்சு

பாதத்தை முழுமையாகப் படியில் வையுங்கள். முன்பாதத்தால் மட்டும் ஏறினால் கெண்டைக்கால் இருபதாம் மாடியிலேயே இறுகிவிடும். குதிகாலை ஊன்றித் தள்ளினால் சுமை தொடைக்கும் பின்பக்கப் பெருந்தசைக்கும் போகிறது. அவை எளிதில் சோர்வதில்லை.

கைப்பிடியைப் பிடிப்பது ஏமாற்று அல்ல. தேர்ந்தவர்கள் கைப்பிடியை இழுத்துத்தான் ஏறுகிறார்கள். திருப்பத்தில் உள்பக்கக் கைப்பிடியைப் பற்றி உடம்பைச் சுழற்றினால் தளத்தில் வைக்கும் அடிகள் குறையும். ஒரு திருப்பத்துக்கு ஓர் அடி மிச்சம் என்றாலும் மேலே போவதற்குள் நூற்றுக்கணக்கில் சேரும். உள்ளங்கை வியர்த்து வழுக்கும், மெல்லிய கையுறை உதவும்.

இரண்டிரண்டு படியாக ஏறலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயிற்சியில் பழகியிருந்தால் ஏறலாம். பழகாதவர் ஒவ்வொன்றாகவே ஏறட்டும். நடுவில் கெண்டைக்கால் பிடித்தால் ஒரு மாடிக்கு மட்டும் இரண்டிரண்டாக மாற்றினால், வேறு தசை வேலை செய்ய, பிடிப்பு தளரும்.

மூச்சை அடக்காதீர்கள். இரண்டு படிக்கு உள்ளே, இரண்டு படிக்கு வெளியே என்று தொடங்குங்கள். திணறல் வந்தால் மூச்சை வெளியே விடுவதில் கவனம் வையுங்கள், உதடுகளைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை அசைப்பதுபோல் மெல்ல. காற்றுக்குழல்கள் சட்டென்று சுருங்காமல் சற்று நேரம் திறந்திருக்க இது உதவுகிறது. சிஓபிடி நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் பயிற்சியும் இதுதான். அம்மா இதை வாசல் படியில் நின்று செய்வார்.

8. கடைசி வாரம்

இரண்டே நாள், 200 படி வீதம். அதற்குமேல் வேண்டாம். புதுக் காலணி வேண்டாம். தூக்கம் வேண்டும்.

உடை: வெளியே உறைகுளிர், படிக்கட்டுக்குள் புழுக்கம். உள்ளே ஒரு மெல்லிய சட்டை, வெளியே ஒப்படைத்துவிடக்கூடிய மேலங்கி. பழைய மேலங்கியாக இருந்தால் நல்லது. நூற்றுக்கணக்கான கறுப்பு மேலங்கிகளுக்கு நடுவில் உங்களுடையதைத் தேட வேண்டியிருக்கும். ஒரு சிவப்புத் துணியை அதில் கட்டிவிடுங்கள்.

நிதிக் கெடுவை இப்போது ஒருமுறை சரிபாருங்கள்.

9. அந்த நாள்

காலையில் இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம். நெய்யொழுகும் பொங்கலைத் தின்றுவிட்டு வந்த நண்பர் ஒருவர் முப்பதாம் மாடியில் சுவரில் சாய்ந்து நின்றார். அவரை இன்றும் பொங்கல் என்றே கூப்பிடுகிறோம்.

கார் நிறுத்தும் செலவைத் தவிர்க்க ரெட் லைன் ரயிலில் ‘சிகாகோ’ நிலையத்தில் இறங்கி நடங்கள். அந்த நடையே உடம்பைச் சூடேற்றும். ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். எண் அட்டையும் நேரம் கணக்கிடும் சிப்பும் வாங்க, மேலங்கி ஒப்படைக்க, கழிவறை வரிசையில் நிற்க என்று அது கரைந்துவிடும்.

ஒருவர் பின் ஒருவராகச் சில விநாடி இடைவெளியில் அனுப்புவார்கள். நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் தொடங்கும். ஆகவே முன்னே போக முண்டியடிப்பதில் பயனில்லை.

இனிதான் முக்கியமான இடம். முதல் பத்து மாடி. இசை, கைதட்டல், எட்டு வாரப் பயிற்சியின் துள்ளல். கால் பறக்கும், மூச்சும் வாங்காது. அதை நம்பாதீர்கள். இதயமும் நுரையீரலும் காலின் தேவைக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை கால் கடனில் ஓடுகிறது. வேகமாகப் போனால் பதினைந்தாம் மாடிக்குள் அந்தக் கடன் மொத்தமாக வந்து நெஞ்சில் உட்காரும். பிறகு மிச்சமுள்ள எண்பது மாடியும் தண்டனைதான்.

கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடிக்கு 18 விநாடி என்றால் 94 மாடிக்கு 28 நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் பத்து மாடியை மட்டும் 22 விநாடி வீதம் ஏறுங்கள். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள், போகட்டும். அவர்களில் பலரை முப்பதாம் மாடி வாக்கில் சுவரோரம் பார்ப்பீர்கள்.

நாற்பதிலிருந்து அறுபது வரை யாரும் பேச மாட்டார்கள். சாம்பல் நிறச் சுவர், ரப்பர் அடிப்பாகம் உரசும் ஓசை, முன்னால் ஏறுபவரின் குதிகால், அவ்வளவுதான் தெரியும். தொண்டை வறண்டு வாயில் இரும்புச் சுவை வரும். தண்ணீர் வைத்திருக்கும் மாடியில் ஒரு வாய் மட்டும் குடியுங்கள். நிற்க வேண்டுமானால் மாடித் தளத்தில், ஓரமாக நில்லுங்கள், படியில் நிற்காதீர்கள். பின்னால் வருபவர் தலையைக் குனிந்துகொண்டு வருவார். ஏற்றத்தில் பங்கேற்கும் தீயணைப்பு வீரர்கள் முழுக் கவச உடையோடு வந்தால் வழி விடுங்கள். அந்தக் கனத்தோடு நின்று மீண்டும் தொடங்குவது அவர்களுக்குக் கொடுமை.

நெஞ்சுவலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், இன்ஹேலருக்கு அடங்காத விசில் மூச்சு, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தளத்தில் நின்று தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். “இன்னும் பத்து மாடிதானே” என்ற எண்ணம்தான் மிக ஆபத்தானது.

10. மேலே போன பிறகு

உடனே உட்காராதீர்கள். ஐந்து நிமிடம் நடங்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலே திரும்புவதற்குள் உட்கார்ந்தால் கண் இருட்டும். பிறகு கீழே தெரியும் மிஷிகன் ஏரியைப் பாருங்கள். படம் எடுக்கும் கூட்டம் இருக்கும், பொறுமை தேவை.

அன்று முழுவதும் வறட்டு இருமல் இருக்கலாம். படிக்கட்டின் வறண்ட, தூசி கலந்த காற்றை அரை மணி நேரம் வாயால் இழுத்ததன் விளைவு. வெந்நீர் போதும், பெரும்பாலும் மறுநாளைக்குள் அடங்கும். அடங்காவிட்டாலோ இழுப்பு வந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

மறுநாளே பணம் தந்தவர்களுக்கு உங்கள் நேரத்தையும் ஒரு படத்தையும் அனுப்புங்கள். “தருகிறேன்” என்று சொல்லித் தராதவர்களுக்கும் அனுப்புங்கள். என் கணக்கில் கடைசி மூன்று நன்கொடைகள் ஏறி முடித்த பிறகுதான் வந்தன. அதே செய்தியிலேயே மேட்சிங் படிவத்தையும் நினைவூட்டிவிடுங்கள், அதற்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் தனிக் கெடு உண்டு.